ஷோத்கங்கா: கொங்கு நாட்டு ஆய்வேடுகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பு எவ்வளவு விரிந்தது என்பதை அதன் துறைகளின் பட்டியலைப் பார்த்து அறிந்துகொள்ள முடியாது. நாம் நன்கு அறிந்த ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு துறையும் எவ்வாறு அணுகியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால்தான் அது புலப்படும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழும் எவரும் இதை இன்று தம் வீட்டிலிருந்தே செய்துபார்க்க வழிசெய்திருக்கும் சேவை ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்காக அளிக்கப்பட்ட ஆய்வேடுகளை முழு வடிவில், கட்டணமின்றி எவரும் படிக்கத் தரும் மின்களஞ்சியம் இது. ஆய்வு மாணவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் பள்ளி ஆசிரியர்கள், உள்ளூர் வரலாற்றை எழுதுவோர், விவசாயிகள், சிறுதொழில் செய்வோர் ஆகியோரில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைச் சமர்ப்பிப்பதைக் கட்டாயமாக்கின. அவற்றைத் தொகுத்துக் காக்கும் பொறுப்பைக் குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் ஏற்றது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. அதற்கு முந்தைய நிலைமையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கே இந்த மாற்றத்தின் அளவு புரியும். ஓர் ஆய்வேட்டுக்குத் தடித்த அட்டை போட்ட சில படிகள் மட்டுமே இருந்தன. ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒன்று துறைக்கும், ஒன்று நெறியாளருக்கும் போய்விடும். வெளியாள் ஒருவர் அதைப் பார்க்க வேண்டுமானால் அனுமதிக் கடிதத்தோடு போய், நூலகத்திலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துவர வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு மக்கள் கண்ணில் படாமலே இருந்த அந்தக் காலம் முடிந்தது என்பதே இந்தச் சேவையின் முதல் பெருமை.

நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இந்த ஆற்றின் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டு, கிடைப்பவற்றைத் துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் அறிவியல் துறையினருக்கு அது சாயக்கழிவு கலந்த நீர். உப்பின் அளவும் கன உலோகங்களின் அளவும் கிணற்றுக்குக் கிணறு எப்படி மாறுகின்றன என்பதே அவர்களது கவலை. நுண்ணுயிரியலார் அதே சாயத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை அந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுக்க முயல்கிறார்கள். வேதியியலார் தேங்காய் ஓடு போன்ற வேளாண் கழிவுகளிலிருந்து செயலூட்டிய கரியைத் தயாரித்து, அது நீரிலிருந்து சாயத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். புவியியலார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆற்றுப் படுகையின் நிலப்பயன்பாட்டை வரைபடமாக்குகிறார்கள். பொருளியலாருக்கு அது நஞ்சையும் தென்னையும் இழந்த விவசாயியின் வருமானக் கணக்கு. வணிகவியலாருக்கோ பின்னலாடை ஏற்றுமதியின் செலவுக் கணக்கு.

ஒரே ஆற்றைப் பற்றி இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் படிக்காமலே எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் இவற்றை அடுத்தடுத்துப் படிக்கும்போது என்னை அதிகம் உறுத்துகிறது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையை உதாரணமாகச் சொல்லலாம். பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அதன் கீழ்ப்பகுதி விவசாயிகளின் நீண்ட சட்டப் போராட்டத்தின் விளைவாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இந்த நிகழ்வின் நீர்வேதியியல் ஓர் ஆய்வேட்டிலும், இழப்பீட்டுப் பொருளாதாரம் வேறோர் ஆய்வேட்டிலும், வேலையிழந்த தொழிலாளர்களின் நிலை மற்றோர் ஆய்வேட்டிலும் கிடக்கின்றன. இவற்றை ஒன்றுசேர்த்துப் படிக்கும் வேலையை எந்தத் துறையும் செய்யவில்லை. களஞ்சியம் திறந்திருப்பதால் ஒரு சாதாரண வாசகர் அதைச் செய்ய முடிகிறது. எனக்கு இந்தச் சேவை முக்கியமாகப் படுவது இந்தக் காரணத்தால்தான்.

அதே ஆற்றங்கரையில், அணைக்கு அதிக தூரமில்லாத இடத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. சங்க இலக்கியம் பேசும் அந்த ஊரில் 1985-இல் தொடங்கி நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், அரிய கல்மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடுபவர் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்த அகழாய்வைத் தொடங்கியது தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம். எனவே அங்கேயும் புதுச்சேரியிலும் தேட வேண்டும். படியூரின் நீலக்கல்லைப் பற்றிப் படிக்க விரும்புபவர் தொல்லியலிலிருந்து நிலவியலுக்குத் தாவ வேண்டியிருக்கும். அப்படித் தாவுவதற்கு இங்கே எந்தத் தடையும் இல்லை.

இனி, தமிழ்த் துறை ஆய்வேடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாட்டுப்புறவியலில் பட்டம் பெற்றவர்கள் கொங்குச் சிற்றூர்களில் பதிவுசெய்த தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, உடுக்கடிப் பாடல் ஆகியவை அவர்களது ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இருக்கின்றன. இயல்களில் வரும் வகைப்பாடுகளும் கோட்பாடுகளும் பல வேளைகளில் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பின்னிணைப்பில்தான் உயிர் இருக்கிறது. அங்கே தகவலாளர் பட்டியல் என்றொரு அட்டவணை வரும். பெயர், வயது, சாதி, தொழில், ஊர், பதிவுசெய்த நாள் என்று கட்டம் போட்டு நிரப்பியிருப்பார்கள். படிப்பறிவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும், தொழில் என்ற கட்டத்தில் 'பண்ணையம்' அல்லது 'கூலி' என்றும் எழுதப்பட்ட ஒரு மூதாட்டி, அடுத்த பக்கங்களில் நூற்றுக்கணக்கான அடிகளைத் தங்குதடையின்றிப் பாடியிருப்பார். கவலை இறைக்கும்போது பாடிய பாடல்கள் அப்படித்தான் எஞ்சியிருக்கின்றன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, கிணறுகளில் மோட்டார்கள் பெருகப் பெருக, எருதுகள் பூட்டி நீர் இறைக்கும் கவலை மறைந்தது. பாட்டு அதோடு போயிருக்க வேண்டியது. யாரோ ஒரு மாணவர் பட்டத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டந்தோட்டமாக அலைந்ததால் அது தாளில் தங்கியது. அண்ணன்மார் கதையின் வட்டார வேறுபாடுகளையும், நோம்பி வழக்கங்களையும், சீர் செய்யும் முறைகளையும் தேடுவோர்க்கும் நான் காட்டும் முதல் இடம் இந்தப் பின்னிணைப்புகள்தான்.

உணவு, ஊட்டச்சத்து ஆகியவற்றில் கோவை அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனத்தின் ஆய்வேடுகள் தனித்து நிற்கின்றன. 1957-இல் மகளிர் கல்லூரியாகத் தொடங்கி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அந்நிறுவனத்தில், மனையியல் என்பது சமையல் குறிப்பு என்று எண்ணுவோரின் எண்ணத்தை மாற்றும் அளவுக்குத் திடமான பணி நடந்திருக்கிறது. சிறுதானியங்களின் சத்து, வளரிளம் பெண்களின் இரத்தசோகை, நீரிழிவாளர்க்கான உணவு என்று அவை நேராக வீட்டுக்குள் வருகின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்டது. வயதில் இளையது என்றாலும் ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், மலைவாழ் மக்கள் என்று தன் வட்டாரத்தை விட்டு விலகாத ஆய்வுகள் அங்கே உண்டு. ஆனைகட்டியில் 1990-இல் நிறுவப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஆய்வு செய்தவர்கள் பலர் பட்டம் பெற்றது பாரதியார் பல்கலைக்கழகத்தில். எனவே பறவைகளையும் காடுகளையும் பற்றிய நல்ல களஆய்வுகளை அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரின் கீழ் தேட வேண்டும்.

வணிகவியல், மேலாண்மை ஆய்வேடுகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையில் அவை மிகுதி. அச்சில் வார்த்ததுபோன்ற ஒற்றுமையும் மிகுதி. ஏதோ ஒரு பொருளின் வாடிக்கையாளர் மனநிலையை எடுத்துக்கொண்டு, தலைப்பின் கடைசியில் 'கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு' என்று சேர்த்து, வசதிக்கேற்பத் தேர்ந்த சில நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து, சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை, காரெட் தரவரிசை என்று வழக்கமான புள்ளியியல் முறைகளின் அட்டவணைகளை அடுக்கி முடிப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஆய்வேடுகளில் பொருளின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை, ஆய்வு செய்யும் மாணவருக்கும் நல்லதல்ல, அதற்குச் செலவிடும் சமூகத்துக்கும் நல்லதல்ல. எண்ணிக்கையை வைத்துப் பரப்பை அளந்தால் ஏமாறுவோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இதே துறையில் விசைத்தறிக் கூலி, பவானி ஜமக்காள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிகள் ஆகியவற்றை நேரில் போய்ப் பார்த்து எழுதியவை வேறு தரத்தில் இருக்கின்றன. மஞ்சளின் விலை ஏன் ஓராண்டு உச்சிக்கும் மறு ஆண்டு அடிமட்டத்துக்கும் போகிறது என்று, இருப்பு வைக்கும் விவசாயி, மண்டிக்காரர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என மூன்று பக்கமும் விசாரித்து எழுதிய ஆய்வு, ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பற்றிய நூறு செய்திகளைவிட அதிகமாக விளக்கும்.

பயன்படுத்தும் முறைக்கு வருகிறேன், ஏனெனில் முதல் முறை நுழைபவர் திகைத்து வெளியேறிவிடக் கூடாது. ஆய்வேடு ஒரே கோப்பாக வருவதில்லை. தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல் என்று தனித்தனிப் பிடிஎஃப் கோப்புகளாக, முன்னால் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். பட்டியலின் கடைசியில் 80 என்ற எண்ணோடு தொடங்கும் கோப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் பரிந்துரைகளும் அடங்கியிருக்கும். அதை முதலில் திறந்து படியுங்கள். முழு ஆய்வேடும் தேவையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்துப் பொருளடக்கம், அதன்பின் தரவுகள் உள்ள இயல், பிறகு பின்னிணைப்பு என்ற வரிசையே நேரத்தை மிச்சப்படுத்தும். முந்தைய ஆய்வுகளை விவரிக்கும் இரண்டாம் இயலைப் பொதுவாசகர் தாராளமாக விட்டுவிடலாம்.

தேடல் சொற்களில் பொறுமை வேண்டும். விவரக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேட்டின் தலைப்பைக்கூட ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே ஏற்றியிருப்பார்கள். ஒலிபெயர்ப்பில் ஒவ்வொருவர் எழுத்துக்கூட்டும் ஒவ்வொரு விதம். எனவே காங்கேயத்தையும் நாட்டுப்புறப் பாடலையும் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடுவது அவசியம். தேடலைவிட எனக்குப் பிடித்த வழி, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து, அதன் துறைக்குள் போய், நெறியாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு உலவுவது. ஒரே நெறியாளரிடம் இருபது ஆண்டுகளில் ஆய்வு செய்தவர்களின் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால், ஒரு துறையின் அக்கறை எந்தத் திசையில் நகர்ந்தது, எந்த இடத்தில் தேங்கியது என்பது தெரிந்துவிடும். துறைத் தலைவர்கள் எழுதும் ஆண்டறிக்கைகளில் இதைப் பார்க்க முடியாது.

கொங்கு நாட்டவர் அறிந்திருக்க வேண்டிய வேறு சில நுணுக்கங்களும் உண்டு. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி போன்றவற்றில் நடந்த முனைவர் பட்ட ஆய்வுகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் சேர்க்கப்பட்டிருக்கும். பம்ப்செட், நூற்பாலை, வார்ப்பட ஆலை தொடர்பான ஆய்வுகளைக் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் தேடிவிட்டு இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது. வேளாண்மைக்கு வேறு கதவு தட்ட வேண்டும். 1971-இல் பல்கலைக்கழகமான கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஆய்வேடுகளுக்காக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் கிரிஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியம் இயங்குகிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்த பிஎஸ்ஆர் மஞ்சள் இரகங்களைப் பற்றியோ, கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றியோ தேடுபவர் இரண்டு களஞ்சியங்களையும் பார்ப்பது நல்லது. காங்கேயம் மாடுகளைப் பற்றித் தேடுவோர், நாமக்கல்லில் கல்லூரி வைத்திருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், தமிழ் ஆய்வேடுகளின் நிலையைத்தான் முதலில் சொல்வேன். ஒருங்குறி (யூனிகோடு) முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையும், தாளிலிருந்து வருடி எடுக்கப்பட்டவையும் கணிசமாக இருப்பதால், அவற்றின் உள்ளே சொல்லைத் தேட முடியாது. ஒரு பாடலின் முதலடி நினைவிருக்கிறது, அது எந்த ஆய்வேட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கண்ணால் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். இன்று தமிழ் எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்கள் பெரிதும் முன்னேறிவிட்டன. இந்தக் கோப்புகளை அவற்றின் வழியாகச் செலுத்தி எடுக்க இன்ஃப்ளிப்நெட் மையமோ, அந்தந்தப் பல்கலைக்கழகமோ, தமிழக அரசோ முன்வந்தால், நாட்டுப்புறப் பாடல்களும் வட்டாரச் சொற்களும் அடங்கிய பெருந்தொகை ஒன்று தேடக்கூடியதாக மாறும். இதற்கு ஆகும் செலவு ஒரு மாநாட்டுச் செலவுகூட இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

2009-க்கு முந்தைய ஆய்வேடுகளும் சீராக இல்லை. பழையவற்றை மின்படியாக்க நிதியுதவி அளிக்கப்பட்டிருந்தும், சில துறைகளின் தொடக்ககாலப் பணிகள் கிடைக்கின்றன, சிலவற்றினுடையவை இல்லை. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் தோன்றுவதற்கு முன்பு கோவைக் கல்லூரிகளில் ஆய்வு செய்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள். அவர்களது பணியை அங்கே தேட வேண்டும்.

தரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆய்வேடு என்பது தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்ட மாணவர் பணி. அதில் இருப்பதால் மட்டுமே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. மாதிரி எவ்வளவு, எப்படித் தேர்ந்தார்கள், எந்த ஆண்டில் களப்பணி நடந்தது என்று பார்த்த பின்பே எண்களை எடுத்தாள வேண்டும். மூலிகைச் சாறு ஒன்று சோதனைக்குழாயில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்ற ஆய்வு முடிவை, நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று படிப்பது பெருந்தவறு. இந்த வகை ஆய்வுகள் தாவரவியல், உயிர்வேதியியல் துறைகளில் நிறைய உண்டு என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன். எழுத்துத் திருட்டைப் பொறுத்தவரை, 2018-இல் வந்த விதிமுறைகளும் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட ஒப்புமை கண்டறியும் மென்பொருளும் ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தன. ஆனால் அவற்றைவிட, எழுதியது எவர் கண்ணிலும் படும் என்ற நிலையே பெரிய கட்டுப்பாடு என்று நான் கருதுகிறேன்.

உள்ளூரைப் பற்றி எழுதும் எவருக்கும், மேல்நிலை வகுப்பு மாணவர்களைச் செயல்திட்டம் செய்யவைக்கும் ஆசிரியர்களுக்கும், நீர், மண், தொழில் தொடர்பாக மனு எழுதும் பொதுநல அமைப்புகளுக்கும் இந்தச் சேவையை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குச் சிரமம்; கணினி இருந்தால் நல்லது, இல்லாதவர்கள் கிளை நூலகத்தில் உள்ள கணினியைப் பயன்படுத்தலாம். ஒரு தகவலை எடுத்தாளும்போது ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு, இயல் ஆகியவற்றோடு, அந்த ஆய்வேட்டின் பக்கத்தில் காட்டப்படும் நிலையான முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு திறக்காவிட்டால், அல்லது ஆய்வேடே களஞ்சியத்தில் இல்லாவிட்டால், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் நூலகருக்குத் தலைப்பையும் ஆண்டையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அச்சுப்படியை நேரில் வந்து பார்க்க எந்த நாளில், எந்த நேரத்தில் வரலாம் என்று அதிலேயே கேட்டுவிடுவது நல்லது.